தேமல் யாருக்கு?

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிட முடியுமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒரு சொல் விட்டுப்போனாலும் பழி வேறு ஆள்மேல் போய் விழுந்துவிடும். அம்சவேணிக்கு அப்படித்தான் ஆனது. அதனால் அவள் பேசியதைப் பேசியபடியே சொல்லிவிட வேண்டும்.

சேந்தமங்கலம் பக்கத்தில் அவளுக்கும் அவள் புருஷன் நல்லதம்பிக்கும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு விதை வாங்குவதில்லை. கிழங்கு பிடுங்கியதும் மிஞ்சுகிற குச்சியைத் துண்டு போட்டு நட்டால் அடுத்த வெள்ளாமை. சொந்தக்காரர் குச்சி கேட்டு வந்தால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால், உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.

மகள் மேகலாவுக்கு அரூர்ப் பக்கம் மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இந்திராணி பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேட்டாள்.

"புதுசா ஒரு காடு வாங்கியிருக்கறோம். கிழங்கே காணாத மண்ணு. உங்க குச்சியில ஆரம்பிக்கலாம்னு ஆசை."

"பொண்ணையே தர்றோம், குச்சியா பெருசு?" என்றார் நல்லதம்பி. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு புதன்கிழமை வந்து தட்டு மாற்றிக்கொள்வது, திரும்பும்போது குச்சியையும் ஏற்றிக்கொள்வது என்று முடிவானது.

அதற்குள் காட்டில் இலைகள் மாறின. மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள்; இலை சூம்பி, பிழிந்து போட்ட துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. வேளாண்மைத் துறையிலிருந்து வந்த பெண் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"தேமல் நோய்ங்க. வைரஸ். இப்ப வர்றது ரொம்ப வேகமாப் பரவுது. வெள்ளை ஈயும் பரப்பும், குச்சியும் பரப்பும். மருந்து கிடையாது. இலை உதிர்ந்த குச்சியப் பாத்தா ஒண்ணும் தெரியாது. யாருக்கும் குடுத்துடாதீங்க, எரிச்சிடுங்க."

அம்சவேணி கூனிக் குறுகிப் போனாள். நோய் விழுந்த காடு என்றால் பாடுபடாதவர்கள் காடு என்று அந்த ஊரில் பேசுவார்கள். பக்கத்துக் காட்டுக்காரி வந்தால்கூட வரப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள்.

பால் சொசைட்டியில் வரிசையில் நின்றிருந்தபோது இந்திராணியிடமிருந்து போன் வந்தது. "புதன்கிழமை வந்துர்றோம் சம்பந்தி."

முன்னாலும் பின்னாலும் தெரிந்த முகங்கள். அம்சவேணி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லோணுங்க. எங்ககிட்ட தேமல் இருக்குதுங்க. வெளிய பாத்தாத் தெரியாது. மருந்தில்லைன்னுட்டாங்க. அங்க வந்தா உங்களுக்கும் பரவிரும். இப்போதைக்கு வேண்டாங்க."

"மறைக்காமச் சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்று போனை வைத்துவிட்டாள் இந்திராணி. அம்சவேணிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போலிருந்தது.

புதன்கிழமை யாரும் வரவில்லை. தரகர்தான் வந்தார்.

"ஏனுங்க, பொண்ணுக்கு மேலெல்லாம் தேமலாமா? பெத்த தாயே சொன்னீங்களாமா?"

தரகர் போனதும் நல்லதம்பி கதவைச் சாத்தினார்.

"காட்டுக்குத்தான்னு வெளிய சொல்லிப்போடாத. அப்பறம் ஊர்ல தலை காட்ட முடியாது. தெளிவா இருக்கற குச்சியாப் பாத்து அரூருக்கு அனுப்பிரலாம். குடுத்த வாக்கு. குச்சி போய் எறங்குனா அவங்க மனசு மாறும்."

"புள்ள பேரு என்னாகறதுங்க?"

"களிம்பு போட்டோம், போயிருச்சுன்னு சொன்னா முடிஞ்சுது."

அம்சவேணி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பெற்ற மகளின் பேருக்கும் காட்டின் பேருக்கும் நடுவில் நின்று வாயை மூடிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. குழாயடியில் பெண்கள் மேகலாவின் கழுத்தையே பார்த்தார்கள். "வெயில்ல நிக்காத கண்ணு" என்றாள் ஒருத்தி, பாசமாகச் சொல்வது போல.

டெம்போ வந்தது. நல்லதம்பி ஏற்றிவைத்த கட்டுகளை மேகலா ஒவ்வொன்றாக இழுத்துத் தெருவில் போட்டாள். காய்ந்த தென்னை மட்டையைப் பரப்பித் தீ வைத்தாள்.

"தேமல் எனக்கில்ல! இந்தக் குச்சிக்குத்தான்! எல்லாரும் வந்து நல்லாப் பாத்துக்குங்க!"

தெருவே கூடிவிட்டது. நல்லதம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நல்லதம்பி கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பார்த்தார். அம்சவேணி உண்மையைத்தான் சொன்னாள். அதில் ஒரு பொய்கூட இல்லை. மேகலா அப்பாவின் வாக்கை நெருப்பில் போட்டாள், வீட்டு மானத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்தாள். இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

மேகலா செய்ததுதான் சரி. நல்லதம்பி குச்சி தருவதாகத்தான் வாக்குக் கொடுத்தார். நோயைத் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அம்சவேணி போனில் பேசியதைத் திருப்பிப் பாருங்கள். அதில் காடு இல்லை, கிழங்கு இல்லை, குச்சி இல்லை. வெட்கத்தில் அந்த ஒரு பேரை விழுங்கிவிட்டாள். அந்த இடத்தில் மகள் போய் நின்றுவிட்டாள். மேகலா தெருவில் கத்தியது, அம்மா விழுங்கிய அந்தப் பேரைத்தான்.

மிச்சமிருந்ததையும் அம்சவேணியே பிடுங்கி எரித்து, அந்தக் காட்டில் மக்காச்சோளம் போட்டாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு இலையைப் பாலித்தீன் கவரில் போட்டு, ஒரு ஈகூட வெளியே போகாதபடி இறுக்கி முடிந்து, அரூருக்கு பஸ் ஏறினாள். இந்திராணி கவரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இதையா சொன்னீங்க?" என்றாள். அவளும் தலை குனிந்துகொண்டாள். கவரோடு அந்த இலையை அவர்கள் வீட்டு அடுப்பிலேயே போட்டுவிட்டுத்தான் அம்சவேணி திரும்பினாள். மறுபடியும் பெண் கேட்டு ஆள் வந்தது. மேகலா இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் போனில் காய்ச்சல் என்று சொல்வதாக இருந்தாலும், யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அம்சவேணி காய்ச்சலுக்கே வருகிறாள்.