ஒன்பது பிடி அரிசி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், உட்கார ஓர் ஆலமரம் வேண்டும் என்று யார் சொன்னது? உறையூர் கடைத்தெருவில் மிக்ஸியும் கிரைண்டரும் விற்கிற ஜெசிந்தாவுக்கு இரண்டும் கிடையாது. கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஐந்தாறு ஆண்களுக்கு அவள் சமையல் சொல்லிக்கொடுத்தாள். காசு வாங்குவதில்லை. அவரவர் காய்கறியை அவரவர் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

சீடர்களில் மூத்தவர் கனகசபாபதி. வயது அறுபத்தெட்டு, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பில் ஜெசிந்தாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். வகுத்தல் வராமல் முழித்த பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றியவர், இப்போது அதே பெண்ணின் எதிரில் நின்று கடுகு எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தை அமாவாசை கழிந்த ஒன்பதாம் நாள் அவர் மனைவி மரகதம் போய்ச் சேர்ந்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் படுத்தவள், மத்தியானம் எழுந்திருக்கவில்லை. அன்று அவள் வைத்திருந்த வத்தக்குழம்பைச் சாவு வீட்டுக்கு வந்த யாரோ கொட்டிவிட்டார்கள். எட்டு மாதமாகியும் அந்தக் குழம்பை அவரால் மறக்க முடியவில்லை.

அவருக்குக் காது மந்தம். மரகதம் இருந்தவரை மூன்றாவது விசிலுக்கு அவளே அடுப்பை அணைத்தாள். ஆவணியில் ஒருநாள் குக்கர் தீய்ந்து, புகை தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். விஷயம் புனேயில் இருக்கும் மகள் அமுதாவுக்குப் போயிற்று.

"தானா அணையிற கரண்ட் குக்கர் ஒண்ணு வாங்கி ஒழுங்கா சாப்பிடுங்கப்பா. இல்லன்னா தீபாவளிக்கு வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவருக்குப் போக மனமில்லை. மரகதம் நடமாடிய வீடு உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார்: "ஜெசிந்தா, ஆறு லிட்டர் கரண்ட் குக்கர் ஒண்ணு எடும்மா."

"எத்தனை பேருக்கு சார்?"

"ரெண்டு பேருக்கு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கத்திகள் நின்றன. கணக்கு வாத்தியாரே எண்ணிக்கையில் பிசகினால் யார் திருத்துவது? ஜெசிந்தா திருத்தவில்லை.

"ரெண்டு பேருக்கு ஆறு லிட்டர் பெரிசு சார். மூணு லிட்டர் போதும்."

"எங்க வீட்டுல எப்பவும் பெரிசுதான். மரகதம் வாங்கினது."

அவள் செய்து காட்டுவதற்காகக் கடையில் வைத்திருந்த ஆறு லிட்டர் குக்கரைத் துடைத்துக் கொடுத்தாள்.

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா புதுசு தர்றேன். ஆனா ஒண்ணு சார். தட்டுல எவ்வளவு விழுமோ அவ்வளவுதான் போடணும். ஒரு பருக்கை மீதி ஆகக் கூடாது."

"இது என்னம்மா பரீட்சை?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க."

திங்கட்கிழமை காலை கனகசபாபதி அரிசி டின்னைத் திறந்தார். பித்தளை ஆழாக்கில் ஒருமுறை அள்ளிப் போட்டார். இரண்டாம் முறை கை தானாகப் போயிற்று. பாதியில் நிறுத்தினார். வெகுநேரம் டின் முன்னாலேயே நின்றார். பிறகு வெறும் ஆழாக்கை உள்ளே வைத்து மூடினார்.

ஒரு ஆழாக்கு அரிசி அந்தப் பெரிய பாத்திரத்தில் அடியை மூடியும் மூடாமலும் பரவிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. திறந்து பார்த்தால் அடியில் தீய்ந்திருந்தது, மேலே வேகவில்லை. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். வாரம் முழுக்க அதே கதைதான். பாதி நாள் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார். ஏற்கெனவே சட்டை தோளில் நிற்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, மற்றவர்கள் வருமுன்பே குக்கரைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார்.

"மிஷின் கோளாறும்மா. அடி பிடிக்குது."

ஜெசிந்தா மூடியைத் திறந்து பார்த்தாள். விரலால் அடியைத் தடவினாள்.

"எவ்வளவு அரிசி போட்டீங்க?"

"ஒரு ஆழாக்கு."

"மிஷின் மேல தப்பில்ல சார். இவ்வளவு பெரிய பாத்திரத்துல இத்தனூண்டு போட்டா இப்படித்தான் ஆகும்." பிறகு, பார்வையை எடுக்காமல், "ரெண்டு பேருன்னீங்க?" என்றாள்.

கனகசபாபதி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இந்த எட்டு மாசமும் ரெண்டு ஆழாக்குதான் போட்டேன். ஒண்ண சாப்பிட்டுட்டு ஒண்ணுல தண்ணி ஊத்தி வைப்பேன். மறுநாள் மாட்டுக்குப் போயிடும். நீ மீதி ஆகக் கூடாதுன்னதாலதான் இந்த வாரம் ஒண்ணு போட்டேன்."

"ஏன் சார் ரெண்டு?"

"ஒண்ணு போட்டா, அவ இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுது."

ஜெசிந்தா குக்கரை ஓரமாக வைத்தாள்.

"அம்மா எவ்வளவு போடுவாங்க?"

"ரெண்டு ஆழாக்கு. போட்டுட்டு அதுலேர்ந்து ஒரு பிடி எடுத்து ஒரு சின்னப் பானையில போடுவா. மாசம் பூரா சேத்து, அமாவாசை அன்னிக்கு அம்மன் கோயில் அன்னதானத்துக்குக் குடுப்பா. கொண்டுபோய்க் குடுக்கிறது என் வேலை."

"பிடியரிசி. எங்க மாதா கோயில்லயும் உண்டு சார். அந்தப் பானை எங்க?"

"அப்படியே இருக்கு. நான் தொடல."

"எடுத்துட்டு வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். வகுப்பில் இந்தக் குரலில் ஒரு காலத்தில் அவர்தான் பேசுவார். எதிர்த்துக் கேட்காமல் எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது பானையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். வாயைச் சுற்றி மரகதம் கட்டிய துணி அவிழாமல் இருந்தது. முடிச்சை அவிழ்க்க அவர் விரல்களுக்கு வரவில்லை. ஜெசிந்தாவும் உதவவில்லை. தானே அவிழ்த்தார்.

உள்ளே பாதிக்கும் கீழே அரிசி. கறுப்பு வண்டுகள் ஊர்ந்தன. அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"கெட்டுப்போச்சு."

"கெடல சார். சும்மா கிடந்துச்சு, அவ்வளவுதான்."

அவள் அரிசியை முறத்தில் கொட்டி வாசல் வெயிலில் வைத்தாள். வண்டுகள் ஒவ்வொன்றாக விளிம்பேறிப் போயின. மிச்சத்தைப் புடைத்து எடுத்தாள். பிறகு ஓர் ஆழாக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"அளங்க."

அளந்தார். "தலை தட்டி ரெண்டு."

"எத்தனை நாள் அரிசி?"

"அமாவாசை அன்னிக்குப் பானையைக் காலி பண்ணிக் கோயில்ல குடுத்தேன். மறுநாள்லேர்ந்து..." அவர் நிறுத்தினார். "ஒன்பது நாள். கடைசி நாள் காலையிலும் போட்டா."

"அப்போ ஒரு பிடி எவ்வளவு? வகுத்துச் சொல்லுங்க சார்."

ரெண்டை ஒன்பதால் வகுக்க அவருக்கு ஒரு நொடி போதும். ஆனால் அரிசியை ஒருமுறை விரலால் கோதிவிட்டுத்தான் சொன்னார்.

"கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைய." அரிசியையே பார்த்துக்கொண்டு மேலும் சொன்னார்: "ஆனா இது சராசரிதாம்மா. முதல் நாள் பிடி பெரிசா இருந்திருக்கும். கடைசி நாள் பிடி..."

அந்தக் கடைசி நாட்களில் மரகதத்தின் மெலிந்த கையில் வளையல் முழங்கை வரை ஏறி ஏறி இறங்கியது. அவர் பார்க்கத்தான் செய்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, இனி அது தெரியப்போவதில்லை.

கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவாக அள்ளித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவர் கைக்கு அது போதவில்லை. விரலை மடக்கினால் அரிசி இருந்த இடமே தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளின் கை இத்தனை சிறியது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியாததால் அப்படியே இருந்தார்.

ஜெசிந்தா காத்திருந்தாள். அவர் அரிசியை மறுபடி முறத்தில் விட்ட பிறகு, போன வாரக் கேள்வியையே கேட்டாள்.

"குக்கர் எத்தனை பேருக்கு சார்?"

வாசலில் ஒரு பஸ் போய், அதன் புழுதியும் அடங்கியது.

"ஒருத்தருக்கு" என்றார் கனகசபாபதி.

அவள் உள்ளே போய் மூன்று லிட்டர் குக்கரை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். முறத்து அரிசியை ஒரு மஞ்சள் பையில் கொட்டிக் கட்டினாள்.

"புதன்கிழமை மகாளய அமாவாசை. கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுங்க."

அவர் பையை வாங்கவில்லை. காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதையும் குடுத்துட்டா பானை காலியாயிடுமே ஜெசிந்தா. அவ போட்டதுன்னு வீட்டுல இது ஒண்ணுதான் இருக்கு."

ஜெசிந்தா பானையை வாங்கித் துணியால் உள்ளே துடைத்தாள். வெயிலில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் அரிசி டின்னிலிருந்து ஒரு ஆழாக்கு அள்ளி, தலை தட்டி, அவர் முன்னால் வைத்தாள். பானையை நிமிர்த்தி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"பத்தாவது பிடி நீங்க போடணும் சார்."