தோல் தெருவின் சொல்

"மதீனாவில் உட்கார்ந்து எழுதியவன் எவனோ, ஒரு சொல்லை விழுங்கிவிட்டான்."

பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் அபூ நவ்ஃபல் சொன்ன முதல் பேச்சு இது. ஸலாம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

ஃபுராத் நதிக்கரையில் புதிதாக எழும்பிய பாசறை ஊர் அது. மதீனாவிலிருந்து கலீஃபா அனுப்பிய வேதப் பிரதி அன்று காலைதான் ஒட்டகத்திலிருந்து இறங்கியிருந்தது. இனி எல்லா ஊரிலும் இதன்படியே ஓத வேண்டும். அவரவர் எழுதி வைத்திருப்பதை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

அபூ நவ்ஃபல் தோல் வியாபாரி. சந்தையில் அடிபட்டு, மிதிபட்டு, தானாக மேலே வந்தவர். நரைத்த பிறகுதான் ஓத உட்கார்ந்தார், அதுவும் தன்னைவிட இளையவரான, அங்கே ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் கைஸானிடம். கேட்டதையெல்லாம் கடைத் தோலில் எழுதிக்கொண்டு போய்த் தோல் தெரு முழுவதற்கும் ஓதிக்கொடுத்தார். அந்தத் தெருவுக்கு அவர் ஓதியதுதான் வேதம்.

இப்போது வந்த பிரதியில், அநாதைகளைப் பற்றிய ஆயத்தில், அந்த ஒரு வசனத்தில், அவர் தோல் ஏட்டிலிருந்த ஒரு சொல்லைக் காணவில்லை. அது இன்ன சொல் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதிவைத்ததால் வந்த வினைதான் இவ்வளவும்.

"வாசலில் என்ன சத்தம்?" என்றார் உஸ்தாத்.

"நம் தெரு ஆட்கள். தோல் உரிக்கிற கத்தியோடு நிற்கிறார்கள். இறைவன் பேச்சில் எவனோ கைவைத்துவிட்டான் என்று நான்தான் சொன்னேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா? ஈரத் தோலைக்கூட நாலு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தானே வாங்குவீர்கள்?"

"இதுவும் தோலும் ஒன்றா? அந்தச் சொல்லோடு தொழுதுகொண்டேதான் என் தம்பி செத்தான், உஸ்தாத். அவன் தொழுகை இறைவனிடம் கூடியதா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்."

உஸ்தாத் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அந்தச் சொல்லை யாரிடம் கேட்டீர்கள்?"

"நல்ல கேள்வி. உங்களிடம்தான். இந்தப் பாயில் உட்கார்ந்து."

உஸ்தாத் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஓதிக் காட்டுங்கள். நான் ஓதிய மாதிரியே. என் இழுப்பு, என் மூச்சு, நான் நிறுத்திய இடம், எதுவும் மாறக் கூடாது."

அபூ நவ்ஃபல் ஓதினார். ஆயத்து வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சொல் வந்ததும் குரல் இடறியது.

"மறுபடியும்."

அதே இடத்தில் மறுபடியும் இடறியது.

"தெருவில் எப்படி ஓதினீர்கள்?"

"கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஓதினேன். இடிக்கத்தான் செய்தது. என் குரல் மட்டம் என்று நினைத்துக்கொண்டேன்."

"நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது எப்படி இருந்தேன்?"

அபூ நவ்ஃபல் கண்ணை மூடினார். கூரை நாணலில் மழை ஒழுகிய நாள் அது. உஸ்தாத் ஓதிக்கொண்டே போகிறார். தனக்கோ பொறுமையில்லை. 'நில்லுங்கள் உஸ்தாத், இது எனக்குப் பிடிபடவில்லை, யாரைச் சொல்கிறது?' என்று குறுக்கே விழுகிறார். உஸ்தாத் கண்ணைத் திறந்து, இவரைப் பார்த்து, ஒரே ஒரு சொல் சொல்கிறார். பிறகு கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

"கண்ணைத் திறந்து சொன்னீர்கள்," என்றார் அபூ நவ்ஃபல். குரல் இறங்கிவிட்டது. "ராகம் இல்லை. பேச்சு."

"நீங்கள் கேட்டீர்கள். நான் பொருள் சொன்னேன்."

"அதை நான் எழுதிவிட்டேன்."

"எழுதியதை எனக்கு ஓதிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்காரர் என்று விட்டுவிட்டேன்."

வெளியே யாரோ கதவில் தட்டினார்கள். தட்டியது கையல்ல, கத்திப்பிடி.

"சுரண்டிவிடுகிறேன்," என்றார் அபூ நவ்ஃபல் அவசரமாக. "தோல்தானே. தடம் தெரியாமல் சுரண்ட எனக்குத் தெரியும்."

"அவர்கள் நாக்கில் இருப்பதை?"

"அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோம். பிரதி பள்ளிக்கு. அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு மட்டும். யாருக்கும் நஷ்டமில்லை."

"அடுத்த தெருவும் ஒன்று கேட்கும். என்ன கொடுப்பீர்கள்?"

பேரம் படியவில்லை. அபூ நவ்ஃபல் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் தம்பி..."

"கேட்டதை நம்பித் தொழுதார். அவரை இறைவன் பார்த்துக்கொள்வான். வாசலில் நிற்பவர்களை யார் பார்ப்பது?"

"நீங்கள் வந்து சொல்லுங்கள், உஸ்தாத். இந்தச் சொல் வேதத்தில் இல்லை என்று உங்கள் வாயால் ஒருதரம் சொன்னால் போதும், மறுபேச்சு இருக்காது. நான் சொன்னால் என் தோலை உரித்துவிடுவார்கள். காலையில் கத்தியை எடுக்கச் சொன்னவனே நான்."

உஸ்தாத் எழுந்தார். பிரதியை எடுத்து அபூ நவ்ஃபலின் கையில் வைத்தார்.  

"என் வாயால் சொன்னால் ஏற்பார்கள்தான். என் வாயிலிருந்து வந்தது என்றுதானே நீங்களும் எழுதினீர்கள்? இனி ஒருவர் வாய் மட்டும் போதாது. எழுத்துத் தெரிந்தவன் ஒருவன் அங்கே இருப்பான். பிரதியை அவனிடம் கொடுங்கள். எதிரே நின்று ஓதுங்கள். இடறினால் அவன் உங்களைத் திருத்தட்டும். பிறகு அவன் ஓதட்டும், நீங்கள் திருத்துங்கள். நான் பக்கத்தில் நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். கதவைத் திறங்கள், அபூ நவ்ஃபல். இனியாவது சரிசெய்யுங்கள்."