டைல்ஸ் பங்கும் இரண்டு சம்பந்திகளும்

"நல்லதை விக்கறதுங்களா, கெட்டதை விக்கறதுங்களா? அதை மட்டும் சொல்லிப் போடுங்க அம்மிணி. நாங்க கிளம்பீர்றோம்."

கேட்டவர் சென்னியப்பன். அறுபதைத் தாண்டியவர். கேட்கப்பட்டவர் பூங்கோதை. சென்னியப்பனுக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும்.

உடுமலைப்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் பூங்கோதையின் ஷேர் புரோக்கர் ஆபீஸ். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பங்குச் சந்தைப் பாடம் நடக்கும். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி உண்டு. ஊர் அவருக்கு வைத்த பெயர் குருவம்மா. கேலிக்கு வைத்த பெயர்தான், நிலைத்துவிட்டது.

குருவம்மாவிடம் ஒரு கெட்ட பழக்கம். கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

எந்தப் பங்கு ஏறும் என்று முன்பு ஒருவர் கேட்டாராம். கீழே மருந்துக்கடை வாசலில் போய் நில்லுங்கள், வருகிறவர்களில் யாருக்குத் தலைவலி, யாருக்கு வயிற்றுவலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். போனவர் போனவர்தான். அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

சென்னியப்பன் பஸ் ஏறுகிற நிலைமையில் இல்லை. பக்கத்தில் சம்பந்தி நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். சென்னியப்பனின் மகள் யாழினி பல் டாக்டர். நாச்சிமுத்துவின் மருமகள். தாராபுரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு நல்ல இடம் வாடகைக்கு வந்திருக்கிறது. கிளினிக் வைக்க அதைவிட இடம் கிடைக்காது. அட்வான்ஸை ஆளுக்குப் பாதி தருவதாக இரண்டு அப்பன்மாரும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலைக்குள் பணம் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை. பங்கை அன்றே விற்றால்தான் பணம் நேரத்துக்குக் கைக்கு வரும். இருவரின் சேமிப்பும் பங்கில்தான் இருந்தது.

சென்னியப்பன் போனில் ஏழெட்டுப் பங்குகள். அதில் பெரிய தொகை இரண்டில். ஒன்று பம்பு கம்பெனி, நல்ல லாபத்தில் இருந்தது. இன்னொன்று டைல்ஸ் கம்பெனி. வாங்கின விலையில் பாதிக்கும் கீழே கிடந்தது. எதை விற்றாலும் அவர் பாதி அட்வான்ஸுக்குக் காணும்.

பம்பை விற்று அட்வான்ஸைக் கட்டிவிடலாம் என்றுதான் அவர் காலையில் முடிவு செய்திருந்தார். செய்தாரே தவிர மனசு ஒப்பவில்லை. சம்பாதிக்கிற பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, தின்றுவிட்டுத் தூங்குகிற பிள்ளைக்குச் சோறு போடுகிற மாதிரி இருந்தது.

பூங்கோதை இருவரையும் பார்த்தார்.

"போனை மாத்திக்குங்க."

"எதுக்குங்க?"

"அவரோடதுல எதை விக்கலாம்னு நீங்க சொல்லுங்க. உங்களோடதுல அவர் சொல்லட்டும்."

சென்னியப்பன் தன் போனை இறுகப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி என்றால் சும்மாவா? பந்தியில் அவர் இலையில் பாயசம் கொஞ்சம் குறைந்தால்கூட பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும். அவருடைய முதலீட்டைக் குறை சொல்வதாவது!

ஆனால் குருவம்மா சொல்லிவிட்டார். போன்கள் கை மாறின.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார் சென்னியப்பன். நாச்சிமுத்துவிடமும் அதே டைல்ஸ். நஷ்டத்தைக் காட்டும் அதே சிவப்பு. இவரிடம் இருப்பதைவிடக் கூடுதல் வேறு. இதை வித்துத் தலை முழுகாமல் இந்த மனுசன் என்னத்துக்குக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது.

வாய் வேறு விதமாகப் பேசியது.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க. சம்பந்தி விவரமானவருங்க."

நாச்சிமுத்துவும் சென்னியப்பன் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, சம்பந்தி வாங்கினதில் குறை சொல்ல நமக்கு என்ன தெரியும் என்று பணிவாகச் சொல்லி வைத்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. சந்தோசமாப் போய்ட்டு வாங்க" என்றார் பூங்கோதை.

யாரும் எழுந்திருக்கவில்லை.

பூங்கோதை சிரித்துக்கொண்டார். பம்பு கம்பெனியை ஏன் வாங்கினீர்கள் என்று சென்னியப்பனைக் கேட்டார்.

இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. முப்பது வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டின மனிதர் அவர். கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சுத்துப்பட்டு விவசாயிகள் எல்லாம் அவர் பட்டறைக்குத்தான் வருவார்கள். எல்லாக் கம்பெனி மோட்டாரும் வரும். இந்த ஒரு கம்பெனி மோட்டார் மட்டும் வரவே வராது. ஒரு தொழில்காரனாக அவருக்கு அந்தக் கம்பெனி மேல் எரிச்சல்தான். எரிச்சலோடுதான் பங்கு வாங்கினார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமே மாறிப்போயிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பத்து வயது குறைந்தாற்போல் இருந்தார்.

நாச்சிமுத்துவிடம் தேங்காய் எண்ணெய்க் கம்பெனிப் பங்கு ஒன்று நன்றாக ஏறியிருந்தது. அவர் கொப்பரை வியாபாரி. அந்தக் கம்பெனிக்காரன் விலையில் கறாராக இருப்பான், ஆனால் சொன்ன தேதிக்குப் பணம் வந்துவிடும் என்றார். மழையோ வெயிலோ, தேதி தவறினதே இல்லையாம். அவரும் கை வீசிப் பேசினார்.

"சரிங்க. டைல்ஸை ஏன் வாங்குனீங்க?"

கை கீழே இறங்கிவிட்டது.

சென்னியப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து சென்னியப்பனைப் பார்த்தார். பார்த்தது தெரியக்கூடாது என்று இருவரும் காலண்டரைப் பார்த்தார்கள்.

"வாயில என்னங்க, கொழுக்கட்டையா?"



பூங்கோதை எழுந்தார். இருவரையும் எழுந்திருக்கச் சொன்னார். இரண்டு நாற்காலியையும் திருப்பி, முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டார். உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தார்கள். இப்போது சென்னியப்பனுக்கு முன்னால் சுவர். நாச்சிமுத்துவுக்கு முன்னால் ஜன்னல்.

"இப்ப மூஞ்சி தெரியாது. நான் மேசையைத் தட்டுவேன். தட்டுனதும் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லோணும். டைல்ஸ் யார் சொல்லி வாங்குனது?"

சென்னியப்பன் மனசுக்குள் தராசு பிடித்தார். உண்மையைச் சொன்னால் சம்பந்தி மனசு நோகும். பொய் சொன்னால் மகளின் கிளினிக்குக்குப் பம்பு போய்விடும். மகளா, மரியாதையா? ஆண்டவா, இப்படியும் ஒரு சோதனையா?

பூங்கோதை மேசையைத் தட்டினார்.

"சம்பந்தி சொல்லித்தானுங்க!"

இரண்டு குரல். ஒரே வாக்கியம்.



"நானுங்களா?" என்றார் சென்னியப்பன், சுவரைப் பார்த்து.

"பின்னே நானுங்களா?" என்றார் நாச்சிமுத்து, ஜன்னலைப் பார்த்து.

முதுகைத் திருப்பாமலே இருவரும் பழைய கதையைத் தோண்டி எடுத்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று நாச்சிமுத்துவின் புது வீட்டுக்குச் சென்னியப்பன் முதல்முறை வந்திருந்தார். புது இடம், புது உறவு. என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமலிருந்தால் கர்வம் பிடித்தவன் என்பார்களே என்று தரையைப் பார்த்து, டைல்ஸ் நல்லா இருக்குதுங்க என்றார்.

நாச்சிமுத்துவுக்கும் பேச்சு வளர்க்க வேண்டியிருந்தது. கம்பெனி பெயரைச் சொன்னார். அதன் பங்குகூட மார்க்கெட்டில் இருக்கிறதாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

நல்லா வருமுங்க என்றார் சென்னியப்பன். சம்பந்தி வீட்டுத் தரையைப் பற்றி வேறு என்ன சொல்ல முடியும்?

அவ்வளவுதான்.

தன் வீட்டிலேயே போட்டிருக்கிறார், காரணமில்லாமலா பங்கைப் பற்றிச் சொல்லுவார் என்று சென்னியப்பன் வாங்கினார். மிஷினோடு பழகின மனுசர், ஃபேக்டரி சங்கதி தெரியாமலா நல்லா வரும் என்பார் என்று நாச்சிமுத்து வாங்கினார். அதே வாரத்தில்.

பிறகு விலை இறங்கியது. விசேஷத்தில் பார்க்கும்போதெல்லாம் டைல்ஸ் இருக்குதுங்களா என்று ஒருவர் கேட்பார். இருக்குதுங்க என்று மற்றவர் சொல்லுவார். சம்பந்தி அசையாமல் இருக்கிறாரே, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று இவர் இன்னும் கொஞ்சம் வாங்குவார். அவரும் அதையே நினைத்து அதையே செய்வார். முதலில் விற்கிறவர் சம்பந்தியை அவமதித்தவர் ஆகிவிடுவாரே.

சென்னியப்பன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். இத்தனை வருஷச் சேமிப்பில் பெரும்பங்கு, ஒரு உபசார வார்த்தைக்குப் போயிருக்கிறது. கோபம் வந்தது. யார் மேல் பாய்வது என்று தெரியாமல் அது நடுவில் நின்றது.

அப்போது அவர் நாற்காலி குலுங்கியது. பின்னால் நாச்சிமுத்துவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. மனுசன் அழுகிறார் போலிருக்கிறதே என்று சென்னியப்பன் பதறிப்போனார்.

"சம்பந்தி, விடுங்க. பணம் இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும்."

"அதில்லீங்க சம்பந்தி." நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு அடைத்தது. "அந்த டைல்ஸ் நான் பாத்து எடுத்ததே இல்லீங்க. கடைக்காரன் மிச்சம் கிடந்ததைத் தலையில கட்டிட்டான்!"

சென்னியப்பனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதுகு முதுகில் இடிக்க, இரண்டு நாற்காலியும் சேர்ந்து ஆடின. கீழே மருந்துக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிப்படியில் பாதி ஏறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சம்பந்தியானதிலிருந்து அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை. சென்னியப்பனுக்கு அந்த நிமிஷத்தில் நாச்சிமுத்துவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சந்தை மூடிவிடும்.

"அம்மிணி, எதை விக்கறதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே."

"ஆமாங்க" என்றார் நாச்சிமுத்துவும். "நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்ணை மூடிட்டு வித்தர்றோம்."

பூங்கோதை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அலுத்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"ஏனுங்க, நான் சொல்லி வித்தீங்கன்னா, அப்புறம் நானும் உங்களுக்கு ஒரு சம்பந்திதானுங்களே?"



சென்னியப்பன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தன் போனை வாங்கினார். சம்பந்தியின் போனைக் கொடுத்தார். டைல்ஸைத் தொட்டார். இருந்தது அத்தனையையும் விற்றார்.

பின்னால் நாச்சிமுத்து எதை விற்றார் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.