பிலோமி கேட்ட தாழ்ப்பாள்

இருட்டினால் போதும், பெண்கள் விடுதியின் குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு செருப்பு கிறீச்சிடும். யாரோ ஒளிந்து பார்க்கிறார்கள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டுமென்று சமையல்காரி பிலோமி, எல்லாரும் சாப்பிடும்போது முதலாளி ஞானதுரையிடம் கேட்டாள்.

"பார்க்கிறதுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தையெல்லாம் சொல்லு, தர்றேன்" என்று சிரித்தார்.

"எனக்கெங்க சார் தெரியும்? நீங்க செஞ்சு காட்டுங்க, கத்துக்கிறேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "ஸ்டேர்" என்று கண்கொட்டாமல் பார்த்தார். "க்ளேர்" என்று முறைத்தார்.

"ஒளிஞ்சு பாக்கிறதுக்கு சார்?"

"பீப்" என்றவர், அதே மிதப்பில் நேரே குளியலறைக்குப் போய், கதவில் தொங்கிய காலண்டரைத் தூக்கி, அதன் பின்னாலிருந்த ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"அங்க ஓட்டை இருக்கிறது எங்க யாருக்குமே தெரியாதே சார்" என்றாள் பிலோமி.

பெண்கள் எச்சில் கையோடு எழுந்துவந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஞானதுரை அன்றே தாழ்ப்பாள் வாங்கிவந்து தன் கையாலேயே பொருத்தினார்.

பிலோமி ஓட்டையில் சோப்பை அப்பிவிட்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.