பக்கெட்டில் ஒரு அட்லாண்டிக்

ஆண்டவன் மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு, திரவியமும் பட்டுராஜனும் எசக்கிமுத்தும் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டு நின்றிருக்க வேண்டும். மற்றபடி தங்கமான பிள்ளைகள். மூவரும் உடன்குடிக்காரர்கள். ஆப்பிரிக்காவில் லாகோஸ் பட்டணத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனியில் ஃபிட்டர் வேலை.

திரவியத்துக்கு வயது முப்பத்தாறு. போன இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் செல்வக்கனி என்று ஒரு பெண் அமைந்தது. போட்டோவைப் பார்த்த நாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா ஆதிலிங்கம் ஏற்கெனவே சூடுபட்டவர். போன வருஷம் வந்த 'ஆப்பிரிக்கா மாப்பிள்ளை', மதுரை பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தான்.

அதனால் ஆதிலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை நமக்கு இருட்டினப்பொறம் வீடியோ கால்ல வரட்டும். அங்க வெயில் அடிக்கும்லா? வெயில்ல மின்னுற கடல் மாப்பிள்ளைக்குப் பின்னால தெரியணும். தெரிஞ்சா கல்யாணம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுதோம்."

கடற்கரைக்குக் கிளம்பும்போது மேனேஜர் கோமதிநாயகம் வேனை நிறுத்தினார். "ஏல, அட்லாண்டிக் முரட்டுக் கடல். அசந்தா அள்ளிட்டுப் போயிரும். என்ன ஆனாலும் கடலுக்கு முதுகக் காட்டிராதீங்க, கேட்டியளா?"

கேட்டார்கள். இவர்கள் ஒன்றைக் கேட்டால் கேட்டதுதான்.

கடற்கரையில் நல்ல கூட்டம். ஒரு பக்கம் மீன் சுடுகிறார்கள், ஒரு பக்கம் காசு வாங்கிக்கொண்டு குதிரையில் ஏற்றுகிறார்கள். நம்மாட்கள் கம்பெனியின் நீல பக்கெட்டில் கொண்டுவந்த புளிச்சோற்றை, கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து தின்று முடித்தார்கள். மீன்காரம்மா பின்னால் நின்று கூப்பிட்டாள். திரும்பக்கூடாதே! பட்டுராஜன் கையை மட்டும் பின்பக்கம் நீட்டித் துழாவினான். அகப்பட்டது யாரோ கழற்றிப் போட்டிருந்த செருப்பு. நல்லவேளை, கடிப்பதற்குள் மற்ற இருவரும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நேரம் வந்தது. திரவியம் கடலைப் பார்த்து நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்தான்.

"மணலும் தென்னையும்லா தெரியுது," என்றார் ஆதிலிங்கம். "துணியில வரைஞ்சு தொங்கவிட்டிருக்கியளோ? கடல் எங்க?"

திரவியம் கேமராவை மாற்றிக் கடலைக் காட்டினான்.

"இது டி.வி.யா இருக்கும். மாப்பிள்ளை மூஞ்சியும் கடலும் சேந்து தெரியணும்யா!"

"ஒரு நிமிஷம் மாமா," என்று திரவியம் போனைக் கையால் பொத்தினான். அவன் கண் கலங்கிவிட்டது. "ஏல, கடல் எனக்குப் பின்னால இருக்கணுமாம். நான் அதுக்கு முதுகக் காட்டவும் கூடாது. என் கல்யாணம் போச்சேல!"

"தப்பு ஒம்மேல இல்ல," என்றான் எசக்கிமுத்து. "கடல்தான் எடம் மாறி நிக்கி."

"அத நகத்த முடியுமால?"

பட்டுராஜன் ரொம்ப நேரம் யோசித்தான். "மொத்தமா முடியாது. கொஞ்சமா முடியும்."

புளிச்சோற்று பக்கெட்டைக் கழுவி, கடலை மொண்டு, பின்னுக்குப் பின்னாகவே நடந்து வந்து திரவியத்துக்குப் பின்னால் வைத்தான். வருகிற வழியில் பாதிக் கடல் சிந்திவிட்டது. இருந்தாலும் மிச்சம் வெயிலில் நன்றாகவே மின்னியது.

திடீரென்று திரவியத்துக்கு வியர்த்தது. "ஏல, இப்ப இந்தக் கடலுக்கு நான் முதுகக் காட்டுதேனே!"

அதுவும் நியாயம்தான். பெரிய கடல், சின்னக் கடல் என்று மேனேஜர் பிரித்துச் சொல்லவில்லை. கடைசியில் பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் எசக்கிமுத்து உட்கார்ந்து, அதில் அலை வருகிறதா என்று பார்த்துக்கொள்வதாக முடிவாயிற்று.

போனில் ஆதிலிங்கம் கண்ணைச் சுருக்கினார். "பின்னால யாருய்யா வாளியவே மொறைச்சுப் பாத்துக்கிட்டு?"

"அவன் கடலப் பாத்துக்கிடுதான் மாமா."

"கடல் எங்கய்யா?"

"அந்தா, வாளிக்குள்ள."

ஆதிலிங்கம் மகள் பக்கம் திரும்பி, "கனி, போன வையி தாயி. போன தடவ வந்தவன் பொய்யன். இவன் பைத்தியம்," என்றார். திரவியத்துக்கு உயிரே போய்விட்டது.

"இருங்கப்பா," என்று ஒரு பெண்குரல். "இன்னுங் கொஞ்சம் பாப்போமே."

அந்த நேரம் பார்த்து, முசா என்ற குதிரைக்காரர் ஓட்டிவந்த வெள்ளைக்குதிரை பக்கெட்டை ஒரு உதை விட்டது. தண்ணீர் குபுக்கென்று திரவியத்தின் காலை நோக்கிப் பாய்ந்தது.

"அலை! அலை வருதுல! ஓடு!" என்று அலறினான் எசக்கிமுத்து.

திரவியம் உயிர் பிழைக்க ஓடினான். பின்னாலிருந்து கடல் துரத்தினால் முன்னால்தானே ஓட வேண்டும்? நேரே அட்லாண்டிக்குக்குள் ஓடினான். வந்த அலை அவனைத் துணி துவைப்பதுபோல் புரட்டிப் போட்டது. எழுந்தபோது கழுத்தளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நின்றான். போன் மட்டும் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது. அதில் அவன் முகம், தலையில் கடற்பாசி, பின்னால் வானம் வரைக்கும் தகதகவென்று மின்னும் கடல்.

"முதுகக் காட்டிட்டேனே! மேனேஜர் கொன்னுருவாரே!" என்று அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

செல்வக்கனிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா, இவரையே பேசி முடிங்க. இவருக்குப் பொய் சொல்லல்லாம் தெரியாது."

முசாதான் இறங்கி, திரவியத்தைச் சட்டைக்காலரைப் பிடித்துக் கரையில் கொண்டுவந்து போட்டார். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மூவரும் வேன் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனார்கள்.

தை மாதம் கல்யாணம். குலசேகரப்பட்டினத்தில், கடலைப் பார்த்த மண்டபம். மாலை மாற்றும் நேரம். மாப்பிள்ளை கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறான், எதிரே மாலையோடு செல்வக்கனி. மேளம் கொட்டப் போகிறது.

"நிறுத்துங்க!" என்று பாய்ந்தான் எசக்கிமுத்து. "பொண்ணு கடலுக்கு முதுகக் காட்டுது!"

"ஏல, கூறுகெட்ட பயலே! அது அட்லாண்டிக்குக்குச் சொன்னதுல்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கல்யாணத்துக்கு வந்திருந்த மேனேஜர் கோமதிநாயகம்.

செல்வக்கனி அலட்டிக்கொள்ளவே இல்லை. "பக்கெட் கொண்டு வந்திருக்கியளா?" என்று கேட்டாள்.

கொண்டு வந்திருந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்: மாப்பிள்ளை, பெண், நடுவில் பெண்ணின் முகத்துக்கு நேரே நீல பக்கெட் நிறையக் கடல். சாப்பிட்டுவிட்டு வந்த உறவுக்காரர்கள் ஏதோ புண்ணிய தீர்த்தம் என்று நினைத்து, ஆளுக்கு ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். "கடல் உள்வாங்குது, கடல் உள்வாங்குது! கரையில இருக்கவங்களுக்குத் தகவல் சொல்லுங்க!" என்று எசக்கிமுத்து கத்திக்கொண்டே இருந்தான்.