முப்பது கிலோ ஃபைல்

பழைய பேப்பர் கடை தவமணியின் வாசலில் சாக்கடை கட்டியாயிற்று என்று நகராட்சி போர்டு வைத்தது. சாக்கடையைத்தான் காணோம். மழை பெய்தால் கழிவுநீர் கடைக்குள் ஏறி, வாங்கி வைத்த பேப்பரெல்லாம் நாசம். அந்த வேலையின் ஃபைலைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு மனுப் போட்டாள்.

"ஆறாயிரம் பக்கம்மா. பக்கத்துக்கு ரெண்டு ரூபா. பன்னிரண்டாயிரம் கட்டு," என்றார் நகராட்சி மேலாளர் ஞானசிகாமணி.

மறுநாள் தராசோடு வந்தாள்.

"ஆறாயிரம் தாள்னா முப்பது கிலோ சார். நிறுத்துட்டுக் கட்டுறேன். ஃபைலை முதல் ஒரு மணி நேரம் பார்க்க இலவசம்னு உங்க சுவத்துலயே எழுதியிருக்கே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் ஃபைல் வந்தது. தராசு முள் அசையவே இல்லை. ஏழே தாள்.

பதினாலு ரூபாயை வைத்தாள். கடைசித் தாளில், 'வேலை முடிந்தது' என்று மேலாளரின் கையெழுத்து.

"வாங்க சார், அந்தச் சாக்கடையைக் காட்டுங்க. அதைப் பார்க்கவும் ஒரு மணி நேரம் இலவசம்தான்."