தலைவர் எழுதிய தேர்வு

பன்னிரண்டு வருஷமாகக் காய்கறிச் சந்தைச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கும் சிங்காரவடிவேல், இந்தத் தடவை தேர்தல் கூட்டத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பொது அறிவுத் தேர்வில் பாஸானால்தான் இனிமேல் ஓட்டு. ஒண்ணும் தெரியாதவங்க ஓட்டுப் போட்டுத்தான் சந்தை உருப்படாமப் போகுது!"

கீரைக்காரி வேம்பாயி எழுந்தாள். "நல்ல யோசனைங்க தலைவரே. முதல் கேள்வியை நான் கேக்கட்டுமா?"

"தாராளமாக் கேளு. பதிலை நானே சொல்றேன்."

"இந்தச் சந்தைப் பொம்பளைங்க விடிஞ்சதிலேருந்து கடை கட்டுற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லை. ஏன்?"

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "விரதமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கக்கூஸ் பூட்டிக் கிடக்கு!" என்று பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நான்தானே ரிப்பன் வெட்டித் திறந்தேன்!"

"திறந்தீங்க," என்றாள் வேம்பாயி. "போட்டோ எடுத்தீங்க. அன்னிக்கே பூட்டிட்டீங்க. சாவி உங்க மேசை டிராயர்ல இருக்கு. தெரிஞ்சவங்களுக்குத்தான் ஓட்டுன்னா நாங்க அத்தனை பேரும் பாஸ். நீங்கதான் பெயிலு, தலைவரே."

தேர்வுப் பேச்சு அத்தோடு நின்றது. சாவி பத்தே நிமிஷத்தில் வந்து சேர்ந்தது. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கே, சந்தை நடுவில் நின்று, வேம்பாயி ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள்.